கதவில் ஒட்டும் காகிதம்

(சங்கத்தின் மாதாந்திர ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடனுக்கு வாங்கிய வீடு கையை விட்டுப் போகிற வழி எது, அந்த வழியில் எங்கெங்கே நின்று மறிக்கலாம் என்பதுதான் இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. நான் வக்கீல் அல்ல. பத்தாவது தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். ஆனால் குமாஸ்தாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காகிதம் மேஜைக்கு வந்தாலும் தேதி என்ன, எந்த விதியின் கீழ் வந்தது, பதில் சொல்ல எத்தனை நாள் கெடு என்று முதலில் பார்ப்பான். பணம் இல்லாமல் போகிற வீடும் உண்டு, கெடு தெரியாமல் போகிற வீடும் உண்டு. முதலாவதற்கு என்னிடம் மருந்து கிடையாது. இரண்டாவதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் பெரியவர்கள் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பத்துக்குப் பத்து அறையில் காலத்தைத் தள்ளினார்கள். நாம் கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர் என்று ஒரு பக்கமும், நாலாசோப்பாரா, விரார் என்று இன்னொரு பக்கமும், லோக்கல் ரயில் போகிற தூரம் வரை போய் ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் வாங்கியிருக்கிறோம். பம்பாயில் சொந்த வீடு என்று ஊரில் சொல்லிக்கொள்கிறோம். அந்த வீட்டின் பத்திரம் யாரிடம் இருக்கிறது? வங்கியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பத்திரத்தைக் கொண்டுபோய் ஒப்படைப்பதே அடமானம்தான். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் இதை அனுமதித்தது. மற்ற ஊர்களை மாநில அரசுகள் பிறகு அறிவிப்பின் மூலம் சேர்த்தன. கடன் கொடுக்கும் நாளில் நாற்பது ஐம்பது இடத்தில் கையெழுத்து வாங்குகிறார்களே, அதில் இதுவும் ஒன்று.

ஒரு சொல்லை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். இங்கே வங்கியில் போய் 'போர்குளோஷர்' என்று கேட்டால், கடனை முன்கூட்டியே முழுவதும் அடைத்துக் கணக்கை முடிப்பதற்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து நாற்காலி போடுவார்கள். அமெரிக்காவில் அதே சொல்லுக்குக் கடனுக்காக வீட்டைப் பறிப்பது என்று பொருள். நம் நாட்டில் அந்தக் காரியத்துக்குச் சட்டத்தின் பெயர் வேறு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் 'சர்ஃபேசி' என்று சொல்கிறார்கள். 2002 ஜூனில் அவசரச் சட்டமாக வந்து, அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

அதற்கு முன் எப்படி இருந்தது? வங்கி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வழக்குப் போட்டு, முதல்நிலைத் தீர்ப்பு வாங்கி, இறுதித் தீர்ப்பு வாங்கி, பிறகுதான் ஏலம். வருஷக்கணக்கில் இழுக்கும். நீதிமன்றத்துக்குப் போகாமல் கடன் கொடுத்தவனே விற்றுக்கொள்கிற அதிகாரத்தை, வெள்ளைக்காரன் எழுதிய 1882 சட்டமே ஒரு சில இனங்களுக்குள் அடக்கித்தான் வைத்திருந்தது. அதன் 69-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். 2002 சட்டம் 13-ஆம் பிரிவைத் தொடங்கும்போதே அந்த 69-ஆம் பிரிவில் என்ன சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் தொடங்குகிறது.

அப்போது சொன்ன காரணம், பெரிய முதலாளிகள் வங்கிப் பணத்தை விழுங்கிவிட்டு நீதிமன்றத்தில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது. உண்மைதான், விழுங்கினார்கள். ஆனால் சட்டம் பெரியவன் சின்னவன் பார்க்கவில்லை. பெரிய கம்பெனிகளுக்கு 2016-ல் திவால் சட்டம் என்று ஒன்று தனியாக வந்தது. அதில் தீர்வு கண்ட கம்பெனிகளிடமிருந்து, கடன் கொடுத்தவர்களுக்கு ஒப்புக்கொண்ட பாக்கியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் திரும்பியது. மீதியைத் தள்ளிவிட்டார்கள். தனி மனிதனுக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது. கம்பெனிகளுக்கு ஜாமீன் நின்றவர்கள் விஷயத்தில் 2019-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பத்லாபூரில் வீடு வாங்கிய சம்பளக்காரனுக்கு அது ஏட்டில்தான் இருக்கிறது.

சரி, காரியத்துக்கு வருவோம்.

தவணை தவறுகிறது. அன்றைக்கே வீடு போய்விடாது. 90 நாள் கணக்கு ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கியே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறது. மார்ச் 31-ஆம் தேதி கட்ட வேண்டிய தவணையைக் கட்டவில்லை என்றால், அன்று இரவே உங்கள் கணக்கு 'கவனிக்க வேண்டிய கணக்கு' ஆகிவிடும். பாக்கி அப்படியே நின்றால் ஏப்ரல் 30-ல் அடுத்த படி. மே 30-ல் அதற்கும் அடுத்த படி. ஜூன் 29-ல் வாராக்கடன். மூன்று தவணை தவறினால்தான் என்று நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. மிகப் பழைய பாக்கி எந்தத் தேதியைச் சேர்ந்ததோ, அதிலிருந்துதான் எண்ணிக்கை.

இதில் நம் ஆட்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஜூன் 29-க்கு முன்னால் ஒரு தவணையைக் கட்டினால் பழைய பாக்கி கழிந்து, கெடு ஒரு மாதம் தள்ளிப்போகும். ஜூன் 29-க்குப் பிறகு அதே ஒரு தவணையைக் கட்டினால் ஒன்றும் நடக்காது. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாக எழுதிவிட்டது. வாராக்கடன் ஆன கணக்கு மீண்டும் நல்ல கணக்காக வேண்டுமானால் பாக்கி வட்டி, பாக்கி அசல் முழுவதும் கட்டியாக வேண்டும். ஆகவே கடன் வாங்கியாவது, தாலிச் செயினை வைத்தாவது ஒரு தவணைக்குப் பணம் புரட்டுகிறவர்கள் அதை 90 நாளுக்குள் புரட்டுங்கள். 95-ஆம் நாள் புரட்டியது கடலில் கரைத்த பெருங்காயம்.

இன்னொன்று. வாராக்கடன் என்பது ஆளைப் பொறுத்தது, கணக்கைப் பொறுத்தது அல்ல. அதே வங்கியில் நகைக் கடனோ சொந்தக் கடனோ வைத்திருந்து அது தவறிப்போனாலும், ஒழுங்காகக் கட்டிவந்த வீட்டுக் கடனும் சேர்ந்து வாராக்கடன் ஆகிவிடும். நான் ஒழுங்காகக் கட்டுகிறேனே என்று சொல்லிப் பயனில்லை.

நடுவில் வட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தவணை தவறுவதற்குக் காரணம் எப்போதும் குடியும் சீட்டாட்டமும் அல்ல. 2022 மே மாதம் வரை ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதம். 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 ஆயிற்று. ஒன்பதே மாதத்தில் இரண்டரை சதவீதம். 25 லட்சம் கடன், 20 ஆண்டு, 7 சதவீதம் என்று ஒருவர் வாங்கியிருந்தால் மாதத் தவணை சுமார் 19,400 ரூபாய். அதே கடனுக்கு வட்டி 9.5 ஆனதும் ஒரு மாத வட்டி மட்டுமே சுமார் 19,800. கூட்டிக் கழித்துப் பாருங்கள்! பழைய தவணையை ஒரு நாள் தவறாமல் கட்டுகிறவனுக்கும் கடன் குறையாது, ஏறும். தவணையை ஏற்றினால் சுமார் 23,300. மாதம் நாலாயிரத்துக்குப் பக்கம் கூடுதல். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அது. 2025-ல் வட்டி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது என்றாலும், ஏறின காலத்தில் பட்ட பாக்கி தானாக இறங்கிவிடாது. தவணையை ஏற்றுவதா, ஆண்டுகளை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன்காரரிடம் கேட்ட பிறகுதான் செய்ய வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. உங்களை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், ஏன் கேட்கவில்லை என்று.

(ரயில்வேத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு வீடு கட்டும் முன்பணம் என்று ஒன்று இருக்கிறது. 2017 விதிப்படி 34 மாத அடிப்படைச் சம்பளம், உச்சவரம்பு 25 லட்சம். தனிவட்டி. முதலில் அசலை 180 தவணைக்குள், பிறகு வட்டியை 60 தவணைக்குள் பிடிப்பார்கள். பார்ம் நிரப்பச் சோம்பல்பட்டுக்கொண்டு வெளியே தனியார் கம்பெனியில் போய் விழுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.)

வாராக்கடன் ஆன பிறகு வருவது 13-ஆம் பிரிவு 2-ஆம் உட்பிரிவு நோட்டீஸ். அறுபது நாளில் முழுக் கடனையும் கட்டு என்று சொல்லும் நோட்டீஸ் அது. முழுக் கடன் என்கிறேன். மூன்று மாதப் பாக்கி அல்ல. அதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குக் கை கால் ஓடுவதில்லை. பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று ஒரு புத்திசாலித்தனம் வேறு. வாங்காவிட்டால் கதவில் ஒட்டுவார்கள், இரண்டு பத்திரிகையில் போடுவார்கள். சட்டப்படி உங்களுக்குத் தெரிவித்ததாக ஆகிவிடும். கெடு ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கு மட்டும்தான் தெரியாமல் இருக்கும்.

கல்யாணில் இட்லி வியாபாரம் செய்கிற நம் உறுப்பினர் ஒருவர், தாயாரின் காரியத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் போனவர், நிலத் தகராறில் மாட்டிக்கொண்டு மூன்று மாதம் அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் மனைவியும் மாமியாரும். கதவில் வங்கிக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போன காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. பத்திரிகை அறிவிப்பு ஒன்று ஆங்கிலத்தில், மற்றொன்று மராத்தியில். அந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே படிக்கத் தெரியும். மூன்று பிள்ளைகளுக்கும் அவர்தான் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர். அந்தக் காகிதத்தைத் தேர்தல் நோட்டீஸ் என்று நினைத்து மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார். விதியில் வட்டார மொழிப் பத்திரிகையில் போட வேண்டும் என்று இருக்கிறது. வட்டாரத்தின் மொழி சரி. குடியிருப்பவனின் மொழி? கடன் கொடுக்கும்போது தமிழ் பேசுகிற ஏஜெண்டை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, வீட்டை எடுக்கும்போது தமிழில் ஒரு தாள் அச்சடிக்கத் தெரியாதா? கடன் விண்ணப்பத்தில் எந்த மொழி தெரியும் என்று எழுதி வாங்கி, அந்த மொழியில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கிக்கு ஒரு மகஜர் தயாரித்திருக்கிறோம். வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

நோட்டீஸ் வந்தால் செய்ய வேண்டியது பதில் எழுதுவது. கணக்கில் என்ன தவறு, எந்தக் கட்டணம் அநியாயம், எப்போது எவ்வளவு கட்ட முடியும் என்று எழுதுங்கள். அபராத வட்டியை அசலோடு சேர்த்து வட்டி மேல் வட்டி போடக் கூடாது, அபராதக் கட்டணமாகத் தனியே வைக்க வேண்டும் என்பதும் 2023 உத்தரவுதான். அதையும் பாருங்கள். உங்கள் பதிலுக்கு வங்கி 15 நாளில் காரணம் காட்டி மறுமொழி தர வேண்டும். இந்த உரிமை வங்கிகள் தானாகக் கொடுத்தது அல்ல. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்ன பிறகு சட்டத்தில் சேர்த்தது. அதே தீர்ப்பில்தான், தீர்ப்பாயத்தின் படியேற முக்கால் பங்கு கடனை முதலில் கட்ட வேண்டும் என்றிருந்த விதியையும் அடித்தார்கள். முக்கால் பங்கு கையில் இருப்பவன் எதற்குத் தீர்ப்பாயத்துக்குப் போகிறான்?

அந்த நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு எழுதிக்கொடுக்கவோ கூடாது. ஆகவே கட்டவே முடியாது என்று மனதுக்குத் தெரிந்தவர்கள் நோட்டீஸ் வருவதற்கு முன்பே நல்ல ஆளாகப் பார்த்து விற்றுவிடுவது மேல். வந்த பிறகும், வாங்குகிறவனைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது பணம். ஏலத்தில் போகிற விலைக்கும் நாமே விற்கிற விலைக்கும் இருக்கிற வித்தியாசம் நம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது.

அறுபது நாள் முடிந்தது. இனி 13-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு. வீட்டைக் 'கைப்பற்றியதாக' அறிவிப்பு ஒட்டுவார்கள், ஏழு நாளுக்குள் பத்திரிகையிலும் போடுவார்கள். நீங்கள் உள்ளேதான் இருப்பீர்கள், அடுப்பு எரியும், குழந்தை பள்ளிக்குப் போகும். காகிதத்தில் மட்டும் கைப்பற்றிவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லையே என்று இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் தூங்கிவிடுகிறார்கள். கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் கெடு இந்தக் காகிதத்திலிருந்தே ஓட ஆரம்பிக்கிறது. பூட்டு உடைக்க வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. காகிதக் கைப்பற்றலுக்கு எதிராகவே தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தீர்ப்பாயத்துக்குச் செலவு உண்டு. பாக்கி 22 லட்சம் என்றால் விண்ணப்பக் கட்டணம் 8,000 ரூபாய், வக்கீல் பீஸ் தனி. தடையுத்தரவு கேட்டால் வழக்கமாக ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள். அங்கே தோற்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமானால் பாதிக் கடனைக் கட்ட வேண்டும். அவர்கள் மனம் வைத்தால் கால் பங்கு. 22 லட்சத்தில் கால் பங்கு ஐந்தரை லட்சம். தவணைக்கே வழியில்லாதவனிடம் ஐந்தரை லட்சம்! உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது, 34-ஆம் பிரிவு கதவை அடைத்துவிட்டது. நேரே உயர் நீதிமன்றம் போகிறேன் என்றால், தீர்ப்பாயம் இருக்கும்போது இங்கே ஏன் வருகிறாய் என்று 2010-லிருந்து திருப்பி அனுப்புகிறார்கள். இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பு வங்கி வாதி, நாம் பிரதிவாதி. அவன்தான் அலைந்து நிரூபிக்க வேண்டும். இப்போது அவன் எடுத்துக்கொள்வான், நாம்தான் கட்டணம் கட்டி அலைந்து அவன் செய்தது தவறு என்று நிரூபிக்க வேண்டும். கடனை வசூலிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வங்கியில் இருப்பதும் நம்மைப் போன்றவர்களின் சேமிப்புதான். ஆனால் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவதற்கு முன்னால், ஒரு நீதிபதி அந்தக் குடும்பத்தை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்து என்ன நடந்தது என்று கேட்க வேண்டாமா?

நீதிபதி வருகிறார், ஆனால் கேட்பதற்கு அல்ல. வீட்டைக் காலி செய்து வாங்க வங்கி 14-ஆம் பிரிவின் கீழ் தலைமை மாஜிஸ்திரேட்டிடமோ மாவட்ட கலெக்டரிடமோ மனுப் போடும். வங்கி ஒன்பது அம்சங்களைச் சொல்லி ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால், 30 நாளில், மிஞ்சினால் 60 நாளில், அவர் உத்தரவு போட வேண்டும். கடன் சரியா தவறா என்று விசாரிக்கிற வேலை அவருக்கு இல்லை. பிறகு கமிஷனரும் போலீசும் வருவார்கள். அந்த நாளில் வாசலில் நின்று சண்டை போடாதீர்கள், தோழர்களே. அது அரசு ஊழியரைத் தடுத்த கேஸாக முடியும், அரசு வேலையில் இருப்பவர்களுக்கு வேலைக்கே ஆபத்து. பெண்களை முன்னால் நிறுத்துகிற வழக்கத்தையும் விடுங்கள். வீட்டுச் சாமான், நகை, பிள்ளைகளின் சான்றிதழ் எதுவும் அடமானத்தில் இல்லை. பட்டியல் போட்டு, நகல் வாங்கிக்கொண்டு எடுத்துவாருங்கள்.

வசூல் ஏஜெண்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, அண்டை அயலாரிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்ட் உத்தரவு இருக்கிறது. சால் வாசலில் நின்று சத்தம் போடுகிறவனிடம் அடையாள அட்டையையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். வீட்டைக் காலி செய் என்று சொல்ல அவனுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அடுத்தது ஏலம். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் விலை மதிப்பிட வேண்டும், கீழ்வரம்பு விலை குறிக்க வேண்டும், உங்களுக்கு 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கீழ்வரம்பு விலை அநியாயமாகக் குறைவாக இருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள். பக்கத்துக் கட்டிடத்தில் சமீபத்தில் பதிவான விற்பனைப் பத்திரத்தின் நகல் ஒன்றை இணைத்தால் போதும், வாய்ப்பேச்சை விட அது பேசும்.

இந்த இடத்தில் நான் மேஜையைத் தட்டிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் ஏலம் நடக்கிற நாள் வரை முழுப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்கலாம். 2016-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே கட்டியாக வேண்டும். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. அறிவிப்பு வந்த மறுநாள் நீங்கள் மூட்டையில் பணத்தைக் கொண்டுபோனாலும், மீட்கும் உரிமை என்று சட்டப்படி கேட்க முடியாது. ஊரில் நிலத்தை விற்றுக்கொண்டு வருகிறேன், ஏலத்துக்கு இன்னும் 20 நாள் இருக்கிறதே என்று கிளம்புகிற நம் ஆட்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நிலத்தை விற்பதென்றால் முதல் நோட்டீஸ் வந்த அன்றே ஊருக்கு டிக்கெட் எடுங்கள். ஒரே தவணையில் குறைத்துக்கட்டும் சமரசம் என்று ஒன்று உண்டு, கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அது உரிமை அல்ல, வங்கியின் இஷ்டம் என்று 2021-ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

ஏலத்தில் வந்த பணத்தில் முதலில் செலவு, பிறகு பாக்கி, மிச்சம் இருந்தால் வீட்டுக்காரருக்கு. 22 லட்சம் பாக்கிக்கு 28 லட்சத்துக்கு விற்றால் செலவு போக மீதி உங்களுடையது. கேட்காமல் விட்டுவிடாதீர்கள், வீடே போன பிறகு கணக்கு எதற்கு என்று வெறுத்துப்போய் ஊருக்கு ரயிலேறிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குறைவாக விற்றால்? மீதிக்கும் உங்களைத் துரத்தலாம். இது பலருக்குத் தெரியாது. வீட்டைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று சாவியை மேஜையில் வைத்துவிட்டு வருகிறார்கள்.

யாருக்கு இந்தச் சட்டம் பாயாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விவசாய நிலம் அடமானமாக இருந்தால் பாயாது. ஒரு லட்சத்துக்கு மேற்படாத கடனுக்குப் பாயாது. அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்கும் கீழேதான் பாக்கி என்றால் பாயாது. பதினைந்து வருஷம் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கடைசியில் தடுமாறுகிறவர்கள் இதைத்தான் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். தனியார் நிதிக் கம்பெனிகளுக்கு 2021-லிருந்து 20 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கடனுக்கு இந்த அதிகாரம் உண்டு. ஆனால் வீட்டுவசதிக் கடன் கம்பெனி என்று பதிவானவை வேறு கணக்கு, அவற்றை இதில் சேர்க்காதீர்கள். கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு என்று 2020-ல் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. தெருவில் வட்டிக்கு விடுகிற சேட்டுக்கும் தண்டல்காரருக்கும் இந்தச் சட்டத்தில் ஓர் எழுத்துகூட இடமில்லை. தாராவி அறையின் காகிதத்தை வைத்துக்கொண்டு வங்கி மாதிரி நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிறான் ஒருவன் என்றால், நேரே சங்கத்துக்கு வாருங்கள். மகாராஷ்டிரத்தில் 2014 லேவாதேவிச் சட்டம் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் சில கேள்விகள் வந்தன. அவற்றையும் ஆசிரியர் சேர்க்கச் சொன்னதால் சேர்க்கிறேன்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கதி என்ன என்று ஒரு டிக்கெட் பரிசோதகர் கேட்டார். கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு, 1872 ஒப்பந்தச் சட்டம். முதலில் அவனிடம் வசூலி, பிறகு என்னிடம் வா என்று சொல்ல முடியாது. ஆகவே ஜாமீன்தாரருக்கும் நோட்டீஸ் வந்தால் அவரும் தனியாகப் பதில் எழுத வேண்டும். அவர் கட்டிவிட்டால், வங்கிக்கு இருந்த உரிமை அவர் கைக்கு வரும். அதற்கு ரசீது முக்கியம். சக ஊழியனுக்கு முகத்தாட்சண்யத்துக்காகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் கடன் ஒப்பந்தத்தில் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லாதவர் என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டார். 1987 சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, தீர்ப்பாயத்துக்கும் சேர்த்து. கடனில் மனைவியின் பெயரும் இருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

கடனை அடைத்த பிறகும் பத்திரம் வரவில்லை என்றார் ஒருவர். 30 நாளில் கொடுக்க வேண்டும்; வங்கியின் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு, 2023 டிசம்பரிலிருந்து.

புதன்கிழமை மாலை சங்க அலுவலகத்தில் நானும் இன்னொரு தோழரும் இருப்போம். நோட்டீஸ் வந்தவர்கள் கடன் ஒப்பந்தம், கணக்கு அறிக்கை, நோட்டீஸ் மூன்றையும் கொண்டுவாருங்கள். கவரைக் கிழித்துப் போடாதீர்கள். நோட்டீஸில் ஒரு தேதி இருக்கும், தபால் முத்திரையில் வேறு தேதி இருக்கும்.